சணப்பு பூக்கும் முன்

அகுமாடான்
11 மார்ச் 2003

அன்புள்ள அசாந்தேவாவின் அப்பாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். சிசிலியிலிருந்து உங்கள் கடைசிக் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பு வந்தது. அதில் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. வேலை அதிகம் என்று தெரியும். சொல்லிக்காட்டவில்லை.

உங்கள் மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. நீங்கள் போகும்போது மடியில் தூங்கியவள் இப்போது எனக்கே வாசித்துக் காட்டுகிறாள்.

நிலத்துக்கு வருகிறேன். ஓடையிலிருந்து தலையில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த தக்காளி மறுபடியும் போய்விட்டது. காலையில் நன்றாக நிற்கிறது, பத்து மணி வெயிலுக்குத் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வேராகவே இல்லை. இஞ்சியைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. போன வருஷம் இரண்டு போகமும் இதே கதைதான். அப்போது நாற்று சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வேளாண் அலுவலகத்திலிருந்து அந்தோ சாரைக் கூட்டிவந்து காட்டினேன். வேரைக் கையால் நசுக்கிப் பார்த்தார். "இது நூற்புழு, அக்கா. கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள குடும்பமே நடத்துது. நீங்க வருஷா வருஷம் தக்காளியே போட்டு அதுக்குப் பந்தி பரிமாறிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஓடைப்பக்கத்துக் கீழ்ப்பாதியில் இரண்டு போகம் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாதாம். சணப்பு விதைத்து, அது பூக்க ஆரம்பித்ததும் வெட்டி மண்ணிலேயே புதைத்துவிட வேண்டும். அதன் வேருக்குள் போகும் புழு பெருக முடியாமல் செத்துப்போகும் என்கிறார். அடுத்த போகம் சோளம். மேல்பாதியில் மக்கிய கோழி எருவும் இடித்த வேப்பங்கொட்டையும் போட்டு, வரிசைக்கு நடுவில் துலுக்கச் சாமந்தி நெருக்கமாக நட்டால் ஓரளவு தக்காளி எடுக்கலாம்.

செய்துவிடுவேன். பயம் புழுவால் இல்லை, உங்கள் மாமாவால். நிலம் உங்கள் அம்மா வழிக் குடும்பத்துடையது. நான் வந்தவள். தக்காளி இல்லாமல் பச்சையாக ஏதோ வளர்ந்து நின்றால் "சும்மா கிடக்கிறது" என்று அஜெய் மாமா வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அதனால் நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். "பிராகோ என் பேரில் உழுகிறாள், மண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறாள், இரண்டு போகம் பொறுங்கள்." இவ்வளவு போதும்.

மழை தொடங்கும் முன் எழுதுங்கள்.

உங்கள்
பிராகோ


சிசிலி
9 ஏப்ரல் 2003

அன்புள்ள பிராகோ,

உன் கடிதம் நேற்று வந்தது. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேலை. வெளியே குளிர், உள்ளே வெந்துவிடும். நாள் முழுக்கக் குனிந்து பழம் பறித்துவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு கேட்க மறுக்கிறது. பேனா பிடிக்கவே அலுப்பாக இருக்கிறது. ஒன்றரைப் பக்கத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

அசாந்தேவாவின் விழுந்த பல்லைப் பற்றி அறையில் எல்லோரிடமும் சொன்னேன். அவளையே இரண்டு வரி எழுதச் சொல்லேன்.

இரண்டு போகம் நிலத்தைப் போட்டுவைப்பது சரியாக வருமா என்று தெரியவில்லை. இங்கே மண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு உடனே நடுகிறார்கள். தம்பி மானுவிடம் சொல்லியிருக்கிறேன். குமாசியில் யாரிடமோ குருணை மருந்து கிடைக்கிறதாம், வாங்கித் தருவான். குழிக்கு ஒரு கரண்டி போடு. முடிந்தது. சணப்பு, சாமந்தி என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமாவுக்கு எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டிய கடிதம் அது. அப்பா இல்லாமல் எங்களை வளர்த்தவர் அவர். பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.

உன்
டுமாசி


அகுமாடான்
17 ஜூன் 2003

அன்புள்ள அசாந்தேவாவின் அப்பாவுக்கு,

மகள் எழுதியது இதோடு வருகிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

மானு மருந்து டப்பா கொண்டுவந்தான். அதன்மேல் பெயர் இல்லை, ஒரு காகிதமும் ஒட்டவில்லை. பக்கத்து நிலத்துப் பொகுவா பாதியை வாங்கிக்கொண்டு போய் வெறுங்கையால் தூவினாள். அன்று சாயங்காலமே மழை. மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் குடித்த அவளுடைய வாத்துகள் ஆறும் செத்துக் கிடந்தன. அவளுக்கு இரண்டு நாள் வாந்தி. நான்தான் கூட இருந்தேன். அந்த வாய்க்கால் ஓடையில் சேருகிறது. அதே ஓடையில்தான் நான் குடிக்கவும் மொள்ளுகிறேன், உங்கள் மகளும் குளிக்கிறாள். மிச்ச மருந்தை அந்தோ சார் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார். உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்க முடியவில்லை.

ஆகவே சணப்புதான். கீழ்ப்பாதி முழுக்க விதைத்தேன். முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. மேல்பாதிக்குக் கோழிப் பண்ணையிலிருந்து முப்பத்திரண்டு மூட்டை எரு. லாரிக்காரன் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனான், அங்கிருந்து என் தலைதான். வேப்பங்கொட்டையை, சாப்பாட்டுக்குக் கிழங்கு இடிக்கும் ஃபுஃபு உரலிலேயே இடித்ததற்கு அசாந்தேவா மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். சாமந்தி பூத்துவிட்டது. பாதையில் போகிற பெண்கள் "ஏண்டி பிராகோ, யாரு செத்துட்டா? இவ்ளோ பூ வெச்சிருக்க!" என்கிறார்கள். "என் இடுப்புதான்டி. வந்து மாலை போட்டுட்டுப் போங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன புதன்கிழமை அஜெய் மாமா வந்தார். கையில் அளவுகோல். மானு பின்னால் நின்றான்.

"ஏம்மா, இது என்ன?" என்றார்.

"சணப்பு மாமா. மண்ணுல புழு இருக்கு. இது அதைக் கொல்லும்."

"திங்க முடியுமா?"

"முடியாது மாமா."

"விக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப இது களை. எங்க அக்கா பிள்ளைங்க நிலத்துல களை வளக்கறதுக்கா உன்னை விட்டு வெச்சிருக்கோம்? மானு கல்யாணம் ஆனவன், ஊன்ற இடமில்லாம நிக்கிறான். எம்மருமகன் ஒரு வார்த்தை எழுதட்டும், அப்புறம் பேசறேன்."

உங்கள் கடிதம் இன்னும் அவருக்கு வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏப்ரலிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன!

சணப்பு பூக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரையாவது அதைக் காப்பாற்றிக் கொடுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

உங்கள்
பிராகோ


சிசிலி
20 ஜூலை 2003

அன்புள்ள பிராகோ,

என் மகள் "அப்பா, நீங்க எப்பிடி இருப்பிங்கனு மறந்து போச்சு, போட்டோ அனுப்புங்க" என்று எழுதியிருக்கிறாள். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பொகுவாவைக் கேட்டதாகச் சொல். அந்த மருந்தை வாங்கச் சொன்னவன் நான்தான் என்பதையும் மறைக்காமல் சொல்.

ஒரு நல்ல செய்தி. இப்போது என்னைப் பழம் பறிப்பதிலிருந்து நாற்றுப் பண்ணைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு நீள மேஜையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தக்காளி நாற்றின் தலையைச் சாய்வாக வெட்டுகிறார்கள். வேறொரு செடியையும் அதே சாய்வில் வெட்டி, அதன் வேர்ப்பாதிமேல் தக்காளித் தலையை வைத்து, சின்னக் கவ்வியால் பிடித்துவிடுகிறார்கள். ஒரு வாரம் இருட்டில், ஈரத்தில். பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே செடி! அந்த வேர் முரட்டு வேராம், புழு உள்ளே போனாலும் பிழைக்காதாம்.

மேஸ்திரி சாலா துனிசியாக்காரர். "என்ன செடி இது?" என்று கேட்டேன். இங்கே இரண்டு மூன்று வகை வைத்திருக்கிறார்களாம். அதில் ஒன்றின் பெரிய செடியைக் காட்டினார். முள் தண்டு, அகல இலை, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். பிராகோ, அது நம் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் தானாக முளைக்கும் சுண்டைக்காய்! நீ குழம்பில் போடுவாயே, அதே காய். நான் சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எப்படி வெட்டுவது என்று பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். இரண்டு தண்டும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். பிளேடு புதிதாக இருக்கட்டும். மண்ணில் நடும்போது ஒட்டு தரைக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் தக்காளி தானே வேர்விட்டு எல்லாம் வீணாகும்.

மாமாவுக்கு எழுதிவிட்டேன். இனி அவர் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன்.

உன்
டுமாசி


அகுமாடான்
28 செப்டம்பர் 2003

அன்புள்ள அசாந்தேவாவின் அப்பாவுக்கு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போட்டு அனுப்பிய ஒட்டுப் படத்தைச் சமையலறைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினேன். குப்பைமேட்டில் பறவை எச்சத்தில் முளைத்திருந்த சுண்டை நாற்றுகளைப் பிடுங்கி வந்து தொட்டியில் தேற்றினேன். கவ்விக்கு எங்கே போவது? சைக்கிள் வால்வு டியூபை நறுக்கி வளையம் செய்துகொண்டேன். முதல் இருபதும் அழுகிவிட்டன. தண்ணீர் அதிகம். அடுத்த நாற்பதைக் காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பையால் மூடி, கட்டிலுக்கு அடியில் ஈரச்சாக்கின்மேல் வைத்தேன். எட்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் பதினேழு நிமிர்ந்து நின்றன. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த அசாந்தேவா "அம்மா, இதுக்கு அப்பா வீட்டுப் பேரா, அம்மா வீட்டுப் பேரா?" என்று கேட்டாள். அந்தோ சார் நம்பவே இல்லை. "யாருக்கா சொல்லிக்குடுத்தா?" என்றார். "அவங்கப்பா" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

இனி மற்றது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் உங்கள் கடிதம் வந்த அதே தபால்பையில் அஜெய் மாமாவுக்கும் ஒன்று வந்தது. சாயங்காலம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் சந்தோஷமாகப் போனேன். கைகால் கழுவி, நல்ல துணி கட்டிக்கொண்டு போனேன். வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் சத்தமாக வாசித்தார்.

'மாமா, கீழ்ப்பாதியில் பிராகோ இந்த வருஷம் தக்காளி வைக்கவில்லை என்று அறிந்தேன். அது சும்மா இருப்பதால் தம்பி மானு எடுத்துக்கொள்ளட்டும். மேல்பாதி அவளுக்குப் போதும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், நான் பேசிக்கொள்கிறேன்.'

வாத்தியார் வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் காகிதத்தை மடித்தார். மாமா மட்டும் கேட்டார்: "என்னம்மா, உனக்குத் தெரியும்ல?"

நான் "தெரியும் மாமா" என்றேன். உங்களைச் சபையில் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே மானு ஆள் வைத்துச் சணப்பை வெட்டினான். வெயில் நாள் தள்ளிப்போனதால் பூப்பது இரண்டு வாரம் தாமதமாகி, அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. அடுத்த நாள் நானே வெட்டிப் புதைத்திருப்பேன். "மண்ணுல போட்டு மூடு மானு, எரிச்சிடாத" என்று கெஞ்சினேன். "அண்ணி, குப்பைய யாராச்சும் புதைப்பாங்களா?" என்று சிரித்தான். ஓரத்தில் இழுத்துப் போட்டுக் கொளுத்தினான். ஒரு வாரத்துக்குள் தக்காளி நட்டுவிட்டான்.

வாத்தியார் தேதியையும் வாசித்தார். ஜூலை இருபது. எனக்கு வந்த கடிதத்தில் இருக்கும் அதே தேதி. ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அன்று எதை முதலில் எழுதினீர்கள்?

பிராகோ


சிசிலி
2 நவம்பர் 2003

அன்புள்ள பிராகோ,

மூன்று வாரமாக உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன்.

மாமாவுக்கு எழுதியதுதான் முதலில்.

அதற்கு முந்தின வாரம் மாமா இங்கே அறைக்குப் போன் செய்தார். "நீ அங்க இருக்க. தம்பி இங்க கைய வீசிக்கிட்டு நிக்கிறான். உங்கம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்றார். எல்லோருக்கும் நல்லவனாக இருக்க நினைத்தேன். பாதிதானே, நீ சமாளித்துவிடுவாய் என்று எண்ணிக்கொண்டேன். நீ எப்போதும் சமாளிக்கிறவள் என்பதால் உன் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தை ஒட்டிய பிறகு உட்கார முடியவில்லை. உனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போலிருந்தது. அதனால்தான் அந்தப் படத்தை அவ்வளவு கவனமாகப் போட்டேன். சுண்டைக்காய் விஷயம் பொய்யில்லை. சிரித்ததும் பொய்யில்லை.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. நாற்றுப் பண்ணையில் பருவம் முடிந்து, மறுபடி கூடாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே மண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்தால் ஒரு மண்புழு கிடையாது. உன் நிலத்தைப் பற்றி நான் என்ன தெரிந்துகொண்டு பேசினேன் என்று தோன்றுகிறது.

மாமாவுக்கு மாற்றி எழுதட்டுமா? நீ சொல். நீ சொல்கிறபடி எழுதுகிறேன்.

பதினேழு செடியும் எப்படி இருக்கின்றன?

உன்
டுமாசி


இங்கென்காசு
18 ஜனவரி 2004

அன்புள்ள டுமாசிக்கு,

ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். நானும் அசாந்தேவாவும் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்தாயிற்று.

பதினேழில் இரண்டை ஆடு தின்றுவிட்டது. பதினைந்தும் கடைசிவரை வாடவே இல்லை. காய்ப்பு முடிந்ததும் அந்தோ சார் முன்னால் ஒன்றைப் பிடுங்கினோம். சுண்டை வேர் வெள்ளையாக, கயிறு மாதிரி இறங்கியிருந்தது. முடிச்சுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவர் அதை ஈரத்துணியில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். எருவும் சாமந்தியும் வைத்த மற்ற செடிகள் பரவாயில்லை. அவற்றில் முடிச்சு இருந்தது, ஆனால் காய்த்தன. குமாசி வியாபாரி அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது உன் காட்டுதா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மானுவின் கீழ்ப்பாதி அக்டோபரிலேயே படுத்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. அவன் மனைவி கர்ப்பிணி. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

டிசம்பரில் அஜெய் மாமா வந்து மேல்பாதியைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கம்மா. இனிமே இதையும் மானு பாத்துக்கட்டும், நீ கூட நின்னு சொல்லிக்குடு. வீட்டு மனுஷிதானே நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திரண்டு மூட்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏறின மாதிரி இருந்தது.

மாமாவுக்கு மாற்றி எழுதட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்கிறபடி எழுதுவதாகவும் சொன்னீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் என் மனம் விட்டுப்போனது. மூன்று வருஷமாக நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களாக ஒன்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

மானுவின் மனைவிக்கு ஒட்டுப் போட இரண்டு நாள் கற்றுக் கொடுத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சன்னமான கை. சணப்பு விதையும் ஒரு படி கொடுத்தேன். எரிக்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன், மானுவிடம் சொல்லவில்லை. பிறகு வீட்டைப் பெருக்கிச் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே என் அம்மா வழி நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு. பெரியம்மா, "எவ்வளவு வேணும்?" என்று மட்டும்தான் கேட்டாள். "முதல் வருஷம் ஒண்ணும் வெளையாது பெரியம்மா, மண்ணைத் தூங்க வைக்கணும்" என்றேன். "நீயும் கொஞ்சம் தூங்குடி, மூஞ்சியப் பாரு" என்றாள்.

உங்கள்மேல் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. சுண்டைக்காயை நீங்கள் அந்தத் தூரதேசத்தில் அடையாளம் கண்டு சிரித்ததை நான் நம்புகிறேன். அந்த மனிதரோடு என்னால் வாழ்ந்திருக்க முடியும். அன்று முதலில் மாமாவுக்கு எழுதியவரோடு முடியாது. இரண்டு பேரும் ஒருவராக இருக்கிறீர்கள், என்ன செய்ய?

என் மாமாக்கள் வரும் சனிக்கிழமை அகுமாடான் போய், கல்யாணத்துக்கு உங்கள் வீட்டார் கொண்டுவந்த சாராயத்துக்குப் பதில் சாராயத்தைத் திருப்பி வைத்து, முறைப்படி கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். யாரும் சண்டை போட மாட்டார்கள். அப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். குனிந்தே இருக்காமல் அவ்வப்போது முட்டி போட்டு வேலை செய்யுங்கள்.

அசாந்தேவா போட்டோவுக்குக் காத்திருக்கிறாள். இனி அவளுக்கு நேராக எழுதுங்கள். இந்த ஊர்ப் பெயரைப் போட்டால் வந்துவிடும். பதிலை அவளே எழுதுவாள்.

பிராகோ